டைமிங் பெல்ட்: தையல் மெஷினில் பிறந்து எமது வேன்களுக்கு வந்த கதை





ஓடிக்கொண்டிருந்த வேன் ஒன்று நடுவீதியில் சட்டென்று நின்று, ஸ்டார்ட் அடித்தும் பிடிக்காமல் போனால், சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது "டைமிங் பெல்ட் அறுந்திருக்கும்" என்பார். பக்கத்தில் நிற்பவர் "அப்படியென்றால் ஹெட்டும் போயிருக்கும்" என்பார். பெல்ட்டோடு முடிந்தால் சின்னச் செலவு. ஹெட் வரைக்கும் போனால், அந்த வேனை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்குப் பல மாத உழைப்பு போய்விடும்.

இந்தப் பெல்ட் ஏன் இறப்பரில் செய்யப்பட்டது? அறுந்தால் ஏன் சில எஞ்சின்கள் தப்புகின்றன, சில தப்புவதில்லை? ஜப்பானில் ஒழுங்காக ஓடிய வாகனத்தில் எமது கைக்கு வந்த பிறகு ஏன் அறுகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இதன் வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், பழைய வாகனம் வாங்க நினைப்பவர்களும் கடைசி வரை வாசித்தால் பயன் உண்டு, இன்ஷா அல்லாஹ்.

பெல்ட்டுக்கு முந்திய காலம்

1876 இல் ஜேர்மனியில் நிக்கோலஸ் ஒட்டோ நான்கு அடி எஞ்சினை ஓட்டிக் காட்டினார். காற்றை இழுத்தல், அமுக்குதல், எரித்தல், புகையை வெளியே தள்ளுதல் என்று நான்கு வேலைகள். இந்த நான்கும் முடிவதற்குள் கீழே உள்ள கிராங்க் ஷாப்ட் இரண்டு முறை சுற்றும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்ட் ஒரு முறைதான் சுற்ற வேண்டும். அதனால்தான் மேலே உள்ள பல்சக்கரத்தில் கீழே உள்ளதைப் போல சரியாக இரண்டு மடங்கு பற்கள் இருக்கின்றன. டைமிங் என்றால் இதுதான். இரண்டு தண்டுகளும் ஒரு பல் கூடப் பிசகாமல் ஒன்றோடொன்று சேர்ந்து சுற்ற வேண்டும்.

கேம் என்பது புதிய யோசனை அல்ல. சுழலும் தண்டில் முளைகளைப் பொருத்தி, அவை நெம்புகோல்களை நேரத்துக்கு நேரம் தட்டும்படி செய்வதை அல்-ஜஸரி தன் நூலில் 1206 இலேயே விளக்கியிருக்கிறார். தியார்பக்கிர் பகுதியை ஆண்ட அர்துகித் அரசவையில் பணிபுரிந்த பொறியியலாளர் அவர். தண்ணீரில் இயங்கும் இசைக்கலைஞர் பொம்மைகளை அவர் ஆட்டுவித்தது இந்த முளைகளால்தான். ஒரு சுழற்சியை எடுத்து, குறித்த நேரத்தில் குறித்த தட்டலாக மாற்றுவது என்ற அந்த வேலையைத்தான் இன்றைய எஞ்சினின் கேம் ஷாப்ட்டும் செய்கிறது. எமது பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆரம்பகால எஞ்சின்களில் இரண்டு தண்டுகளையும் இணைத்தவை பல்சக்கரங்கள் அல்லது உலோகச் சங்கிலி. எமது மூத்தவர்கள் ஓட்டிய மொரிஸ் மைனரை நினைத்துப் பாருங்கள். 1952 முதல் அதில் வந்த எஞ்சினில் கேம் ஷாப்ட் கீழே, கிராங்க் ஷாப்ட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சின்னச் சங்கிலி ஒன்று போதும். அங்கிருந்து நீண்ட கம்பிகள் மேலே போய் வால்வுகளைத் தள்ளின. சங்கிலி பழசானால் சலசலவென்று சத்தம் போட்டுச் சொல்லும். பெரிய பஸ், லொறி எஞ்சின்கள் பலவற்றில் பல்சக்கரம்தான். அவற்றில் "டைமிங் அறுந்தது" என்ற பேச்சை எமது பழைய சாரதிகள் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும், குறைந்த எண்ணெயில் கூடுதல் சக்தி தர வேண்டும் என்றால் கேம் ஷாப்ட்டை வால்வுகளுக்கு மேலேயே கொண்டுபோக வேண்டும். அப்போது இரண்டு தண்டுகளுக்கும் இடையிலான தூரம் கூடிவிடுகிறது. நீண்ட சங்கிலி வேண்டும். அதை இழுத்துப் பிடிக்கும் ஏற்பாடு வேண்டும். எப்போதும் எண்ணெய் வேண்டும். எண்ணெய் கசியாத மூடி வேண்டும். 1948 இல் வந்த ஜகுவாரின் எக்ஸ்கே எஞ்சின் இரண்டு கட்டச் சங்கிலியால் இதைச் செய்தது. விலையுயர்ந்த காருக்கு அது சரி. சாதாரண மனிதர் வாங்கும் சின்னக் காருக்குச் சரிவரவில்லை.

தையல் மெஷின் தந்த விடை

விடை வந்தது கார் தொழிற்சாலையிலிருந்து அல்ல, தையல் மெஷினிலிருந்து.

சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877 இல். எமது தாய்மாரும் பாட்டிமாரும் அந்த மெஷினை மிதித்துத்தான் எத்தனையோ குடும்பங்களைக் கரை சேர்த்தார்கள். தையல் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஊசி கீழே இறங்கி நூலை வளையமாக்கும் அந்தக் கணத்தில், கீழே உள்ள கொக்கி வந்து அந்த வளையத்தைப் பிடிக்க வேண்டும். சற்று முந்தினாலோ பிந்தினாலோ தையல் விடுபடும். கூடுதலாகப் பிசகினால் ஊசி கொக்கியில் மோதி முறியும். டைமிங் பிழைத்த எஞ்சினுக்குள் நடப்பதும் இதே விடயம். ஊசியின் இடத்தில் வால்வு, கொக்கியின் இடத்தில் பிஸ்டன்.

கால் மிதிக்கும் மெஷினில் சக்கரத்தைச் சுற்றும் தோல் பட்டிக்குப் பற்கள் இல்லை. அது வழுக்கினால் மெஷின் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ஊசியையும் கொக்கியையும் இணைக்க வழுக்கும் பட்டி உதவாது. அந்த இடத்தில் தண்டுகளும் பல்சக்கரங்களும் இருந்தன. 1940களில் அமெரிக்காவில், பின்னர் யூனிரோயல் என்று பெயர் மாறிய இறப்பர் கம்பனியில் பணிபுரிந்த ரிச்சர்ட் கேஸ் என்பவர் சிங்கர் மெஷினுக்காக உள்பக்கம் பற்கள் வைத்த இறப்பர் பட்டி ஒன்றை உருவாக்கினார். பட்டியைப் போல மென்மையாக, சத்தமில்லாமல், எண்ணெய் தேவைப்படாமல் ஓடும். பல்சக்கரத்தைப் போல வழுக்காமல் பிடிக்கும்.

இலங்கை இறப்பர் நாடு. ஆனால் இந்தப் பெல்ட்டில் இருப்பது பெரும்பாலும் எமது மரத்து இறப்பர் அல்ல. இயற்கை இறப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும், சூட்டில் சீக்கிரம் கெடும். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டியூபொன்ட் கம்பனி சந்தைக்குக் கொண்டுவந்த நியோபிரீன் என்ற செயற்கை இறப்பர்தான் கார் பெல்ட்டைச் சாத்தியமாக்கியது. பட்டி நீண்டுவிடாமல் இருக்க உள்ளே கண்ணாடி நார்க் கயிறுகள் வைக்கப்பட்டன. இழுவையைத் தாங்குவது இந்த நார்தான். பெல்ட்டை மடக்கிப் பார்ப்பதும் முறுக்கிப் பார்ப்பதும் இந்த நாரை முறித்துவிடும். புதிய பெல்ட்டைக் கடையிலிருந்து மடித்துப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டிங்கோல்ஃபிங் என்ற சின்ன ஊர்

இந்தப் பட்டியை விற்பனைக் காரில் முதலில் பொருத்தியது பெரிய கம்பனி அல்ல. ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில், வயலில் விதை விதைக்கும் இயந்திரங்கள் செய்துவந்த ஹன்ஸ் கிளாஸ் என்பவரின் குடும்பக் கம்பனி அது. போருக்குப் பின்னர் ஸ்கூட்டர் செய்தார்கள். 1955 இல் கொகோமொபில் என்ற மிகச் சின்னக் காரைச் செய்தார்கள். 1961 இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் கிளாஸ் 1004 என்ற காரைக் காட்டினார்கள். ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைந்த எஞ்சின். மேலே கேம் ஷாப்ட். அதைச் சுற்றியது பல் வைத்த இறப்பர் பெல்ட். பெருமளவில் உற்பத்தியான கார்களில் இதுதான் முதலாவது.

கம்பனி நீண்ட காலம் நிற்கவில்லை. 1966 இல் பிஎம்டபிள்யூ அதை வாங்கிக்கொண்டது. கிளாஸ் என்ற பெயர் மறைந்தது, அவர்களின் பெல்ட் உலகம் முழுவதும் பரவியது. அதே 1966 இல் அமெரிக்காவில் பொன்டியாக் தன் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கும், இத்தாலியில் ஃபியட் தன் இரட்டைக் கேம் எஞ்சினுக்கும் பெல்ட்டைப் போட்டன. 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெற்றோல் விலை ஏறியதும், பாரம் குறைந்த, சிக்கனமான சின்ன எஞ்சின்களை எல்லோரும் தேடினார்கள். பெல்ட்டுக்கு அது பொற்காலம். 1976 இல் வொக்ஸ்வாகன் கோல்ஃப் டீசலிலும் பெல்ட் வந்தது. ஜப்பானியக் கம்பனிகளும் 1970களிலும் 80களிலும் தங்கள் எஞ்சின்களில் பலவற்றை இதற்கு மாற்றின.

இந்த மாற்றத்துக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. சங்கிலியை எஞ்சினின் ஆயுள் வரை ஓட வேண்டும் என்று எண்ணிச் செய்தார்கள். பெல்ட் மலிவானது, அமைதியானது, ஆனால் தவணை உள்ளது. குறித்த கிலோமீற்றருக்கோ குறித்த வருடங்களுக்கோ ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். யாராவது ஒருவர் கணக்கு வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் இறப்பரை அந்த இடத்தில் வைத்தார்கள்.

அறுந்தால் உள்ளே என்ன நடக்கிறது?

நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் கிராங்க் ஷாப்ட் ஒரு செக்கனுக்கு 50 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் ஒரு செக்கனுக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பெல்ட் அறுந்ததும் கேம் ஷாப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடி நிற்கும். ஆனால் கிராங்க் ஷாப்ட் உடனே நிற்காது. வாகனம் கியரில் ஓடிக்கொண்டிருப்பதால் சக்கரங்கள் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பிஸ்டன்கள் மேலே வரும்.

மேலே இடம் இருந்தால் வால்வு தப்பும். இடம் இல்லாவிட்டால் பிஸ்டன் வால்வில் மோதும். வால்வு வளையும். சில எஞ்சின்களில் ராக்கர் ஆர்ம் முறியும், சிலவற்றில் கேம் ஷாப்ட்டே உடையும். மோசமான நிலையில் வால்வின் தலை முறிந்து விழுந்து பிஸ்டனையும் ஹெட்டையும் குத்திவிடும்.

எமது வீதிகளில் இன்னும் ஓடும் கொரோல்லா 110 ஐ எடுத்துக்கொள்வோம். அதன் 5ஏ பெற்றோல் எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனைத் தொடாது. வாகனம் நிற்கும், புதிய பெல்ட் போட்டால் ஓடும். அதே உருவத்தில் 2சீ டீசல் எஞ்சினோடு வந்த காரில் பெல்ட் அறுந்தால் பெரும்பாலும் வால்வுகள் போய்விடும். காரணம் எளிது. டீசலுக்குத் தீப்பொறி இல்லை. காற்றை அமுக்கி வரும் சூட்டிலேயே அது எரிகிறது. 2சீ எஞ்சின் காற்றை ஏறத்தாழ 23 இல் ஒரு பங்காக அமுக்குகிறது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மிஞ்சுவது 22 அல்லது 23 மில்லிலீற்றர்தான். நான்கைந்து தேக்கரண்டி அளவு. அதிலும் ஒரு பகுதி பக்கத்துச் சின்ன அறைக்குள் இருக்கிறது. திறந்து நிற்கும் வால்வுக்கு அங்கே எங்கே இடம்?

எனவே "பெல்ட் அறுந்தால் எஞ்சின் போச்சு" என்பதும் எப்போதும் சரியல்ல. "பெல்ட்டை மட்டும் போட்டால் சரி" என்பதும் எப்போதும் சரியல்ல. எந்த எஞ்சின் என்று தெரிந்தால்தான் பதில் சொல்லலாம்.

ஜப்பானிலிருந்து எமது வாசலுக்கு

1977 இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது. அதன் பின்னர் ஜப்பானிலிருந்து பாவித்த வாகனங்கள் வரத் தொடங்கின. "ரீகண்டிஷன்" என்ற சொல் எமது தமிழில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. டவுன்ஏஸ், டெலிகா, எல்300, ஹயஸ் டொல்பின், சீஈ 106 என்று வரிசையாக வந்தவை எமது ஊர்களின் வாழ்க்கையையே மாற்றின. கல்முனையிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போன வியாபாரிகள், மத்திய கிழக்குக்குப் போகும் பிள்ளைகளை விமான நிலையத்துக்கு ஏற்றிச் சென்ற குடும்பங்கள், பாடசாலைப் பிள்ளைகள், நோயாளிகள், ஜனாஸா வீட்டுக்குப் போகும் உறவினர்கள் என்று எல்லோரையும் சுமந்தது இந்த டீசல் வேன்கள்தான். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெல்ட் எஞ்சின்கள்.

ஜப்பானில் சாதாரண கார் ஒன்று புதிதாக வாங்கி மூன்று வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் "ஷாகென்" என்ற கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அது செலவான காரியம். டைமிங் பெல்ட் மாற்றும் தவணை அங்கே பொதுவாக 100,000 கிலோமீற்றர். இந்த இரண்டு செலவுகளும் நெருங்கும்போது பலர் வாகனத்தைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குகிறார்கள். அப்படிக் கைமாறியவற்றில் ஒரு பகுதிதான் கப்பலேறி வந்தது. அங்குள்ளவர் செலவைத் தவிர்க்க விற்ற அந்தக் கட்டத்தில்தான் வாகனம் எமக்குக் கிடைத்திருக்கிறது. மாற்ற வேண்டிய பெல்ட்டும் அதோடு சேர்ந்து வந்திருக்கிறது.

கணக்கு எங்கே இருந்தது? வாகனத்திலேயே இருந்தது. ஜப்பானியக் கராஜ்களில் பெல்ட் மாற்றினால் எஞ்சின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். மாற்றிய திகதியும் அப்போதைய கிலோமீற்றரும் அதில் இருக்கும். ஆனால் எழுத்து ஜப்பானியம். வருடமும் பல இடங்களில் அவர்களின் பேரரசர் ஆண்டுக் கணக்கில் இருக்கும். ஹெய்செய் 9 என்றால் 1997. ஹெய்செய் ஆண்டோடு 1988 ஐயும், 2019 இல் தொடங்கிய ரெய்வா ஆண்டோடு 2018 ஐயும் கூட்டினால் எமது வருடம் வரும். இதை அறியாமல் எத்தனையோ ஸ்டிக்கர்களை எஞ்சின் கழுவும்போது உரித்து எறிந்திருக்கிறோம்.

அதைவிடப் பெரிய கெடுதி மீற்றரைக் குறைப்பது. இது நாடு முழுவதும் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். 180,000 ஓடிய வேனை 80,000 என்று காட்டினால் விலை கூடும். வாங்கியவர் "இன்னும் 20,000 இருக்கிறதே" என்று நம்பி ஓட்டுவார். மீற்றர் திரும்பினாலும் பெல்ட்டின் வயது திரும்பாது. குறையை மறைத்து விற்பது எமது மார்க்கத்தில் எவ்வளவு பாரதூரமானது என்பதை நாம் ஜும்ஆவிலும் மத்ரஸாவிலும் கேட்டே வளர்ந்தோம். மீற்றரைக் குறைப்பதை "எல்லோரும் செய்வதுதானே" என்று கடந்து போகிறோம். அந்த வேனில் அடுத்த நாள் ஏறப்போவது யாருடைய பிள்ளைகள் என்று யோசித்தால் அப்படிக் கடந்துபோக முடியாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய மொழிக் கைநூலும் இல்லாமல், பயிற்சி நிலையமும் இல்லாமல், இந்த எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டவர்கள் எமது கராஜ் பாஸ்மார். எந்தப் புள்ளி எந்தக் கோட்டோடு பொருந்த வேண்டும் என்பதைக் கையாலேயே மனனம் செய்தார்கள். மிட்சுபிஷி 4டீ56 எஞ்சினில் டைமிங் பெல்ட்டோடு பேலன்ஸ் ஷாப்ட்டுக்கு இன்னொரு சின்னப் பெல்ட்டும் உண்டு. அது அறுந்து அதன் துண்டு பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் இரண்டும் போகும். "சின்னதையும் சேர்த்து மாற்றுங்கள்" என்று எமது பாஸ்மார் சொல்வது சும்மா அல்ல. அந்த எஞ்சின்களோடு வாழ்ந்து பெற்ற அறிவு அது.

வாகனம் வராத ஐந்து வருடங்கள்

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பொருளாதார நெருக்கடி, டொலர் தட்டுப்பாடு, எண்ணெய் வரிசை. 2022 இல் கியூஆர் முறை வந்து, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்றானது. அந்த நாட்களில் பல வாகனங்கள் வாசலில் நின்றே காலம் போக்கின.

மீற்றர் ஓடவில்லையே, பெல்ட்டும் தேய்ந்திருக்காது என்று எம்மில் பலர் நினைத்தோம். அது சரியல்ல. இறப்பர் நிற்கும்போதும் மூப்படைகிறது. சூடு, காற்று, கசியும் எண்ணெய் எல்லாம் அதைக் கெட்டியாக்கும், வெடிக்கச் செய்யும். அதனால்தான் கம்பனிகள் கிலோமீற்றரோடு வருடத்தையும் சேர்த்துச் சொல்கின்றன. கேடிஎச் ஹயஸ் போன்ற டீசல் வாகனங்களில் டேஷ்போர்டில் எரியும் டி-பெல்ட் விளக்குக் கூட ஓடிய கிலோமீற்றரைத்தான் எண்ணுகிறது. அதன் 1கேடீ எஞ்சினுக்கு அது 150,000. பெல்ட்டின் வயது அந்த விளக்குக்குத் தெரியாது. பெல்ட்டை மாற்றாமலேயே விளக்கை அணைத்துவிடவும் முடியும்.

புதிய வாகனங்கள் வரும் வழி திறந்தாலும் அவற்றின் விலை எமக்கு எட்டும் தூரத்தில் இல்லை. இருபது, முப்பது வருடப் பழைய வேன்கள்தான் இன்னும் பல காலம் எமது பிள்ளைகளைச் சுமக்கப் போகின்றன. இந்தப் பதிவை இப்போது எழுதுவதற்கு அதுவே காரணம்.

அறுந்துவிட்டால் என்ன செய்வது?

வரலாறு சொன்னதைக் கொண்டே இதையும் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, உயிர். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெக்கியூமும் பவர் ஸ்டியரிங்கும் நின்றுவிடும். ஓரிரு தடவை மிதிக்கும் வரை பிரேக் இலகுவாக இருக்கும். பிறகு பாரமாகிவிடும். மஹியங்கனையிலிருந்து கண்டிக்குப் போகும் பதினெட்டு வளைவில் இது நடந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஹேண்ட் பிரேக்கின் உதவியோடு ஓரமாக நிறுத்த வேண்டும். ஆட்களை வீதியின் பக்கம் அல்லாமல் மறுபக்கமாக இறக்க வேண்டும்.

இரண்டாவது, திரும்ப ஸ்டார்ட் அடிக்கவே கூடாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. அறுந்த கணத்தில் ஒன்றிரண்டு வால்வுகள் மட்டும் வளைந்திருக்கலாம். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் மிச்சமுள்ளவையும் மோதும். வழமையை விட இலகுவாக, வேகமாக எஞ்சின் சுற்றும் சத்தம் கேட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஓட்டோமேட்டிக் என்றால் அதற்குரிய முறையில் ஏற்றி, கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

மூன்றாவது, கராஜில் அவசரப்படக் கூடாது. மூடியைக் கழற்றி, பெல்ட் அறுந்ததா, பற்கள் உதிர்ந்ததா, டென்ஷனர் போனதா, வாட்டர் பம்ப் இறுகியதா, ஒயில் சீல் கசிந்து பெல்ட் ஊறியதா என்று பார்க்க வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் போட்டால் புதியதும் அறும். வால்வு தொடாத எஞ்சின் என்றால் புதிய பெல்ட்டை மார்க் பார்த்துப் போட்டு, கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொம்ப்ரெஷன் அளக்கலாம். எல்லாம் சமமாக வந்தால் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. டீசல் என்றால் முதலில் மேல் மூடியைத் திறந்து கேம் ஷாப்ட்டையும் ராக்கர்களையும் பார்க்க வேண்டும். கையால் சுற்றும்போது எங்காவது தட்டுப்பட்டால் பலவந்தம் வேண்டாம். ஒரு சிலிண்டரில் கொம்ப்ரெஷன் இல்லையென்றால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோவதே வழி. அப்போது வால்வை மட்டும் பார்க்காமல் வால்வு கைட்டையும் பிஸ்டனின் மேற்பரப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. "பெல்ட் கீச் கீச் என்கிறது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் வெளியே உள்ள ஃபேன் பெல்ட்டின் சத்தம். டைமிங் பெல்ட் மூடிக்குள் இருக்கிறது. அனேகமாக முன்னறிவிப்பு எதுவும் தராமலேயே போகும். சங்கிலியைப் போலச் சத்தம் போட்டுச் சொல்லும் பழக்கம் அதற்கு இல்லை.

மீண்டும் சங்கிலி

1990களின் இறுதியிலிருந்து டொயோட்டா போன்ற கம்பனிகள் பெற்றோல் எஞ்சின்களில் சங்கிலிக்குத் திரும்பின. 1997 இல் வந்த முதல் பிரியஸ், 1999 இல் வந்த விட்ஸ், அதன் பின்னர் வந்த கொரோல்லா 121 எல்லாம் சங்கிலிதான். சங்கிலியின் சத்தத்தையும் பாரத்தையும் குறைக்கக் கற்றுக்கொண்டார்கள். வாடிக்கையாளர்களும் பெல்ட் மாற்றும் செலவை விரும்பவில்லை. ஆனால் சங்கிலி என்றால் கவலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். அது எண்ணெயில் வாழ்கிறது. ஒயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் சங்கிலியும் நீளும், டென்ஷனரும் போகும். 2012 இல் ஃபோர்ட் தன் ஒரு லீற்றர் எக்கோபூஸ்ட் எஞ்சினில் எண்ணெயில் நனைந்தபடி ஓடும் பெல்ட்டை வைத்தது. அதற்கும் சரியான வகை ஒயில் வேண்டும். பெல்ட்டோ சங்கிலியோ, கணக்கு வைக்கும் பொறுப்பு எம்மிடம்தான்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீற்றருக்கு 2,000 சுற்று. 100,000 கிலோமீற்றருக்கு 20 கோடிச் சுற்று. ஒரு விரலளவு அகலமான இறப்பர்ப் பட்டி அத்தனையையும் ஒரு பல் கூடப் பிசகாமல் கடந்து வருகிறது. அது செய்யும் சேவை சின்னது அல்ல. அது எம்மிடம் கேட்பது தவணைக்கு மாற்றுவதை மட்டும்தான்.

எனவே மூன்று சின்ன வேலைகளை எமது ஊர்களில் வழக்கமாக்குவோம். பெல்ட் மாற்றிய அன்றே திகதியையும் கிலோமீற்றரையும் தமிழில் எழுதி மூடியின் மேல் ஒட்டுவோம். வாகனத்தை விற்கும்போது பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்காமலேயே சொல்வோம். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வோம். வாங்கும்போது ஒழுங்கான ஆதாரம் இல்லாவிட்டால், மீற்றர் என்ன சொன்னாலும், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றிவிட்டு முதல் பயணத்தைத் தொடங்குவோம். பாடசாலை வேன் வைத்திருக்கும் சகோதரர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பெற்றோர்களும் வேன்காரத் தம்பியிடம் கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் அன்பாக ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். பெல்ட் மாற்றும் மாதத்தில் அவருக்குக் கை கொடுக்கவும் தயங்க வேண்டாம்.

வீதிகளில் ஓடும் எமது பிள்ளைகளையும் சாரதிகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.